கொக்குகளின் கணக்கு

நுழையும்முன்

போரில் வென்றவரையும் தோற்றவரையும் வரலாறு பெயர் சொல்லிக் குறிக்கிறது. போரில் சிக்கிய குழந்தைகளைப் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே விட்டுவிடுகிறது. அந்த எண்ணிக்கைக்குள் மறைந்துபோன முகங்களை இளையோர்க்கான நூல்கள் சில மீட்டுத் தந்துள்ளன. ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின் துயரை அந்நூல்கள் எவ்வாறு சொல்லின, எதைச் சொல்லத் தயங்கின, எங்கே உண்மையை மாற்றின என்பதை இந்த உரைநடைப் பகுதி ஆராய்கிறது.

உறையூரில் ஒரு குரல்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நிற்பவர்க்கு வடக்கே காவிரியும் அதற்கப்பால் திருவரங்கத்து இராசகோபுரமும் தெரியும். மேற்கே பழைய உறையூர், இன்றைய நகரின் கூரைகளோடு கலந்து கிடக்கும். அந்த உறையூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சோழன் கிள்ளிவளவன், தன் பகைவனாகிய மலையமானின் சிறு மக்களைப் பிடித்து, யானையின் காலில் இட்டுக் கொல்லத் துணிந்தான். கோவூர்கிழார் என்னும் புலவர் இடைபுகுந்து பாடினார். குழந்தைகள் பிழைத்தனர். புறநானூற்றின் 46ஆம் பாடலும் அதன் அடிக்குறிப்பும் இச்செய்தியைத் தருகின்றன.

அப்பாடலில் புலவர் இரண்டு வாதங்களை வைக்கிறார். புறாவின் துயர் தீர்த்தவன் வழிவந்தவன் நீ என்று அரசனுக்கு அவன் குலத்தை நினைவூட்டுகிறார். புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகுத்துக் கொடுத்தவர் வழிவந்தவர் இவர்கள் என்று சிறுவர்களின் குலத்தைச் சொல்கிறார். இவை அவையில் எவரும் சொல்லத்தக்க வாதங்களே. ஆனால் பாடலை இன்றளவும் வாழவைப்பது இவற்றுக்குப் பின் வரும் காட்சி. யானையைக் கண்டு அழுகையை மறந்த அந்தச் சிறுவர்கள், பழக்கமில்லாத மன்றத்தை மருண்டு பார்க்கின்றனர். தாம் எதற்காக அங்கே நிறுத்தப்பட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. யானை எதற்காக நிற்கிறது என்பதும் தெரியாது. அரசன் முன்னே வைக்கப்பட்டது அறநூல் அன்று. ஒரு குழந்தையின் பார்வை.

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட, அணுகுண்டு பற்றிய சிறார் நூல்களுள் சிறந்தவை இதே வழியைத்தான் கைக்கொண்டன. வேறுபாடு ஒன்று உண்டு. கோவூர்கிழார் உரிய நேரத்தில் வந்து சேர்ந்தார். இந்நூல்களை எழுதியவர்கள் எல்லாம் முடிந்த பிறகு வந்தவர்கள்.

இரண்டு அரங்கங்கள்

‘அரங்கம்’ என்னும் சொல்லுக்கு ஆற்றிடைக்குறை என்று ஒரு பொருள் உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நிலமே திருவரங்கம். ‘ஹிரோஷிமா’ என்னும் பெயருக்கு ‘அகன்ற தீவு’ என்பது பொருள். ஓடா என்னும் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் கழிமுகத்தில், ஆற்றிடைக்குறைகளின் மேல் அமைந்த நகரம் அது. பாலங்களாலேயே தெருக்கள் இணைக்கப்பட்ட ஊர். குண்டுவீச்சு விமானத்திலிருந்து எளிதில் அடையாளம் காணத்தக்கது என்று இலக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் ஒரு பாலமே. மூன்று கிளைகளாக அமைந்த அயோய் பாலம்.

1945 ஆகஸ்டு 6, திங்கட்கிழமை, காலை 8.15 மணி. யுரேனியத்தால் ஆன குண்டு நகரத்துக்கு மேலே ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர் உயரமுடையது. அதைப்போல் ஏழு மடங்கு உயரம் அது. வெடிப்புக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருந்த கட்டடங்களில் பெரும்பாலானவை இடிந்தோ எரிந்தோ அழிந்தன. அவ்வாண்டு இறுதிக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தனர். மூன்று நாள்களுக்குப் பின், ஆகஸ்டு 9 அன்று நாகசாகியில் வீசப்பட்ட புளூட்டோனியக் குண்டு அவ்வாண்டு இறுதிக்குள் ஏறத்தாழ 74,000 பேரைக் கொன்றது.

இத்தகைய எண்கள் படிப்பவரின் மனத்தில் நிற்பதில்லை. தொலைவு நிற்கும். பின்னாளில் உலகமெங்கும் அறியப்பட்ட சடாகோ சசாகி என்னும் சிறுமியின் வீடு, வெடிப்பின் மையத்திலிருந்து 1.6 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. திருச்சிராப்பள்ளி மாணவர் இதை உணர்வது எளிது: மலைக்கோட்டையிலிருந்து புறப்பட்டுக் காவிரிப் பாலத்தைக் கடக்கும் அளவே ஆன தொலைவு. மாம்பழச்சாலைக்குச் செல்லும் நகரப் பேருந்து ஒரு சில நிறுத்தங்களில் கடந்துவிடும் தொலைவு.

அன்று காலை இறந்தோருள் பள்ளி மாணவர்கள் மிகுதி என்பது பலர் அறியாத செய்தி. வான்வழித் தாக்குதலில் தீ பரவாமல் இருப்பதற்காக வீடுகளை இடித்து வெற்றிடம் ஏற்படுத்தும் பணியில், 12, 13 வயதுடைய ஆயிரக்கணக்கான மாணவர்களை அரசு ஈடுபடுத்தியிருந்தது. அவர்கள் திறந்த வெளியில் நின்றிருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 6,000 பேர் மாண்டனர்.

குழந்தைகளே எழுதியவை

இத்துயரை முதலில் எழுதியவர் எவர்? குழந்தைகளும் அவர்களுள் உண்டு. ஆனால் அவர்கள் எழுதியவை அச்சேறுவது எளிதாக இருக்கவில்லை. போருக்குப் பின் ஜப்பானை ஆண்ட நேச நாட்டுப் படையின் நிருவாகம், 1945 செப்டம்பரில் அச்சுத் தணிக்கையைக் கொண்டு வந்தது. அணுகுண்டின் விளைவுகளைப் பற்றி எழுதுவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. நாகசாகியின் மருத்துவர் தகாஷி நாகாய் எழுதிய ‘நாகசாகியின் மணிகள்’ 1946இலேயே எழுதி முடிக்கப்பட்டும் 1949இல்தான் வெளிவர முடிந்தது. அதுவும் மணிலாவில் ஜப்பானியப் படை இழைத்த கொடுமைகளைப் பற்றிய ஒரு பகுதியை இணைத்துக்கொண்ட பிறகே. நாகாய் அதே ஆண்டில் நாகசாகிக் குழந்தைகளின் நினைவுக் கட்டுரைகளையும் தொகுத்தார். அப்போது அவர் இரத்தப் புற்றுநோயால் படுக்கையில் கிடந்தார்.

1951இல் ஹிரோஷிமாவின் கல்வியியல் பேராசிரியர் அராதா ஒசாதா, குண்டுவீச்சுக்கு ஆளான மாணவர்களின் கட்டுரைகளுள் 105ஐத் தேர்ந்து ‘அணுகுண்டின் குழந்தைகள்’ என்னும் நூலாக வெளியிட்டார். ஒசாதாவும் அன்று ஹிரோஷிமாவில் இருந்து காயமுற்றவரே. நூலில் எழுதியவர்களுள் மிக இளையோர், நிகழ்வின்போது பள்ளிக்கே செல்லத் தொடங்காதவர்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை அவர்கள் எழுதும்போது, பெரியவர்கள் விட்டுவிடும் செய்திகள் அவர்கள் நினைவில் முன்னே வந்து நிற்கின்றன: அன்று காலை என்ன உண்டார்கள், தம்பி எந்தப் பக்கம் நின்றான், தாய் தண்ணீர் கேட்டபோது கொடுக்க முடிந்ததா இல்லையா. கல்வியியலார் ஒருவர் இதைத் தொகுத்தது தற்செயலன்று. குழந்தையின் சொல்லைத் திருத்தாமல் அச்சிடுவதற்கு ஆசிரியப் பொறுமை வேண்டும்.

ஆயிரமும் அறுநூற்று நாற்பத்து நான்கும்

குண்டு வீசப்பட்ட அன்று சடாகோவுக்கு வயது இரண்டு. உடலில் காயம் ஏதும் இல்லை. குடும்பத்தோடு தப்பியோடும்போது கதிரியக்கத் துகள்கள் கலந்த கருமழை அவர்கள்மேல் பெய்தது. அவள் வளர்ந்தாள், ஆறாம் வகுப்பில் தொடரோட்ட அணியில் ஓடினாள். 1954ஆம் ஆண்டின் இறுதியில் கழுத்தில் வீக்கம் கண்டது. 1955 பிப்ரவரியில் இரத்தப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டு, ஹிரோஷிமா செஞ்சிலுவை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். பத்து ஆண்டுகளுக்கு முன் வெடித்த குண்டு, ஓடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியை அப்போதுதான் எட்டிப் பிடித்தது. ‘பின்விளைவு’ என்னும் சொல்லின் பொருளை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது.

அவ்வாண்டு ஆகஸ்டில், நகோயா நகர மாணவர்கள் அனுப்பிய காகிதக் கொக்குகள் மருத்துவமனைக்கு வந்தன. ஆயிரம் கொக்கு மடித்தால் வேண்டியது கைகூடும் என்பது ஜப்பானிய நம்பிக்கை. நம் வழக்கில் கொக்கு பொறுமைக்கு உவமையாகும். அவர்கள் வழக்கில் அது நெடுவாழ்வின் அடையாளம். சடாகோவும் மடிக்கத் தொடங்கினாள். காகிதம் அரிதாயிருந்த காலம். மருந்துப்பொடி மடித்து வந்த தாள், பரிசுப்பொருள்கள் சுற்றிவந்த தாள் என்று கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தினாள். அக்டோபர் 25 அன்று, பன்னிரண்டு வயதில் இறந்தாள்.

இனி, இப்பாடத்தின் மையமான சிக்கலுக்கு வரலாம். அமெரிக்க எழுத்தாளர் எலினார் கோயர் 1977இல் எழுதிய ‘சடாகோவும் ஆயிரம் காகிதக் கொக்குகளும்’ என்னும் சிறுநூலே இக்கதையை உலகப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது. அந்நூலில் சடாகோ 644 கொக்குகளை மடித்த நிலையில் இறக்கிறாள். எஞ்சிய 356ஐ வகுப்புத் தோழர்கள் மடித்து ஆயிரமாக்கி, அவளோடு புதைக்கின்றனர். படித்து முடிக்கும் எவர் கண்ணும் கலங்கும்.

ஆனால் நடந்தது அதுவன்று. ஆகஸ்டு முடிவதற்குள்ளேயே சடாகோ ஆயிரத்தை முடித்துவிட்டாள் என்று ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகம் கூறுகிறது. அவளுடைய அண்ணனும் அதையே சொல்லி வந்திருக்கிறார். ஆயிரம் முடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. மேலும் மடித்தாள், அவற்றுள் சில ஊசி முனையால் மடிக்க வேண்டிய அளவுக்கு மிகச் சிறியவை.

ஓர் எண்தானே மாறியிருக்கிறது, அதனால் என்ன என்று கேட்கலாம். எண்ணோடு கதையின் பொருளே மாறிவிட்டது. 644இல் நின்றுபோன சடாகோவின் கதையில் நம்பிக்கை பொய்க்கவில்லை. ஆயிரம் நிறைவேறாததால் வேண்டியது கிட்டவில்லை என்று குழந்தை வாசகர் ஆறுதல் கொள்ள இடமிருக்கிறது. உண்மைச் சடாகோவுக்கு அந்த ஆறுதல் இல்லை. அவள் சொன்னபடி செய்து முடித்தாள், நோய் தீரவில்லை. அதை அறிந்த பின்னும் மடித்தாள். எந்தப் பலனும் வாராது என்று தெரிந்த பிறகு மடிக்கப்பட்ட அந்தக் கொக்குகள் எவருக்காக, எதற்காக என்னும் கேள்வியைக் கதை நம்மிடமிருந்து எடுத்துவிட்டது. அக்கேள்வி பன்னிரண்டு வயது வாசகருக்குக் கடினமானது என்று ஆசிரியர் எண்ணியிருக்கலாம். சடாகோவுக்கும் வயது பன்னிரண்டுதான்.

இத்தகைய இடங்களைப் பேசத் தமிழ் இலக்கணம் பயனுள்ள இரு சொற்களைத் தருகிறது. தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று பிரிக்கிறார். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறுவது உலகியல். சுவைபடப் புனைந்து கூறுவது நாடகம். இரண்டும் கலந்ததே புலனெறி வழக்கம். அகப்பாடலுக்கென வகுக்கப்பட்டவை எனினும் இங்கும் அவை பொருந்தும். ஆயினும் அகத்திணைக்கு ஒரு காப்பு உண்டு: அதில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டுவதில்லை. பெயர் சுட்டாதவரைப் புனையலாம். சடாகோ சசாகி என்று பெயர் சுட்டி, அவள் பிறந்த நாளையும் இறந்த நாளையும் குறித்த பிறகு, அவள் கையால் செய்தவற்றின் கணக்கைக் குறைக்கப் புனைவாளருக்கு உரிமை உண்டா? கோயரின் நூல் இலட்சக்கணக்கான குழந்தைகளை ஹிரோஷிமாவைப் பற்றிக் கேட்கவைத்தது. அந்த நன்மை பெரிது. அந்த 644ஐ நன்மையின் பெயரால் மன்னித்துவிடலாம் என்பதும் எளிதில் ஏற்கத்தக்கதன்று.

சடாகோவின் தோழர்கள் அவளைக் கதையாக அன்றி வேறுவகையில் நினைவுகூர்ந்தனர். அவர்கள் தொடங்கிய நிதி திரட்டும் இயக்கத்தில் ஜப்பானெங்கும் 3,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் சேர்ந்தன. 1958 மே 5 அன்று ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் குழந்தைகள் அமைதி நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது.

> தெரிந்து தெளிவோம்
> ஹிரோஷிமா, நாகசாகிக் குண்டுவீச்சுகளுக்கு ஆளாகி உயிர் பிழைத்தவர்கள் ஜப்பானிய மொழியில் ‘ஹிபாகுஷா’ எனப்படுகின்றனர். அவர்களுடைய அமைப்பான நிஹோன் ஹிடாங்கியோவுக்கு 2024ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வளராத சிறுமி

ஓவியர் தோஷி மாருகி வேறு வழியைத் தேர்ந்தார். அவரும் அவர் கணவர் இரி மாருகியும் குண்டுவீச்சு நடந்த சில நாள்களில் ஹிரோஷிமாவுக்குச் சென்று, கண்டவற்றைப் பெரும் ஓவியத் திரைகளாகப் பல ஆண்டுகள் தீட்டியவர்கள். 1980இல் தோஷி எழுதி வரைந்த ‘ஹிரோஷிமாவின் மின்னல்’ ஒரு படநூல். ஏழு வயது மீ, பெற்றோரோடு காலை உணவு உண்டுகொண்டிருக்கும்போது வானம் ஒளிர்கிறது. காயமுற்ற தந்தையைத் தாய் முதுகில் சுமந்து ஆற்றங்கரைக்கு ஓடுகிறாள். தீ, பிணங்கள், சிறகு கருகிப் பறக்க இயலாத குருவி என்று எதையும் மாருகி மறைக்கவில்லை. சில நாள்கள் கழித்துத்தான் மீயின் கையில் உணவுக் குச்சிகள் இன்னும் இறுகப் பிடித்தபடி இருப்பது தெரிகிறது. தாய் ஒவ்வொரு விரலாக விடுவிக்கிறாள்.

நூல் முழுவதிலும் உள்ள தீயைவிட அந்த விரல்களே மனத்தில் தங்குகின்றன. மீ அதன்பின் வளரவே இல்லை. ஆண்டுகள் பல சென்றும் ஏழு வயதுக் குழந்தையின் அளவிலேயே இருக்கிறாள். மாருகி தம் சிறுமிக்கு நடந்தவரின் பெயரைச் சூட்டவில்லை. பலரிடமிருந்து அறிந்ததை ஒரு கற்பனைச் சிறுமியின் வாழ்வில் ஏற்றினார். பெயர் சுட்டாமல் புனைந்ததால் உண்மையை முழுதும் சொல்ல அவருக்குக் கைவிலங்கு இருக்கவில்லை.

இதற்கு எதிர்முனையில் நிற்பது ‘ஷின்னின் மூன்று சக்கர மிதிவண்டி’. கற்பனை மிகக் குறைவு. நான்கு வயது நிரம்பாத சிறுவன் வீட்டு வாயிலில் மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது குண்டு வெடித்தது, அன்றிரவே இறந்தான். தனியே புதைக்க மனமின்றித் தந்தை அவனோடு மிதிவண்டியையும் புதைத்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எடுக்கப்பட்டு, அது இன்று அருங்காட்சியகத்தில் உள்ளது. எழுத்தாளர் தத்ஸுஹரு கொடாமா அச்செய்தியை ஏறத்தாழ அப்படியே படநூலாக்கினார். துருப்பிடித்த அந்த மிதிவண்டியோடு புனைவு எதுவும் போட்டியிட முடியாது.

அடுக்கிலிருந்து எடுக்கப்பட்ட நூல்

கெய்ஜி நாகசாவாவுக்கு அன்று வயது ஆறு. பள்ளி மதிற்சுவரின் மறைவில் நின்றதால் பிழைத்தார். தந்தையும் தமக்கையும் தம்பியும் இடிந்த வீட்டுக்குள் சிக்கி எரிந்தனர். தாய் அன்றே ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. இவற்றை அவர் 1973 முதல் சிறுவர் வார இதழில் ‘வெறுங்கால் கென்’ என்னும் படக்கதைத் தொடராக வரைந்தார். பத்துத் தொகுதிகளாக நூலுருப் பெற்ற அது, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

கென்னின் கதை இரக்கத்தை மட்டும் கேட்பதில்லை, பொறுப்பையும் கேட்கிறது. கென்னின் தந்தை போரை எதிர்ப்பவர். அதற்காக ஊராரால் துரோகி என்று இகழப்படுபவர். அண்டை வீட்டுக் கொரியர் ஜப்பானியரால் இழிவாக நடத்தப்படுகிறார். ஆசிய நாடுகளில் ஜப்பானியப் படை செய்த கொடுமைகளும் தொடரில் இடம்பெறுகின்றன. துயருற்ற மக்களுக்கு, அவர்கள் அரசு பிறர்க்குச் செய்த துயரையும் காட்டும் துணிவு அதில் உண்டு.

அத்துணிவே சிக்கலாயிற்று. 2012 டிசம்பரில் மத்சுவே நகரக் கல்வி நிருவாகம், அந்நூலை மாணவர் தாமே எடுக்கும் அடுக்கிலிருந்து அகற்றி, கேட்டால் மட்டும் தருமாறு பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. கொடுமைக் காட்சிகள் மிகுதி என்பது காரணம். அதே மாதத்தில் நாகசாவா காலமானார். செய்தி வெளியானபின் எழுந்த எதிர்ப்பால் 2013 ஆகஸ்டில் அக்கட்டுப்பாடு விலக்கப்பட்டது. 2023இல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து கென் பகுதியை நீக்கியது. நோயுற்ற தாய்க்காகக் கென் பிறர் குளத்து மீனைத் திருடும் காட்சியை மாணவர் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. பசித்த சிறுவனின் மீன் திருட்டைத் தவறாகப் புரிந்துகொள்வது எவ்வாறு என்று விளங்கவில்லை. எனினும், அஞ்சும் குழந்தையின் கையில் எந்த நூலை எந்த வயதில் தருவது என்னும் தயக்கம் முற்றிலும் பொருளற்றதன்று. ஒசாதா தொகுத்த கட்டுரைகளை எழுதியவர்களுக்கு அத்தகைய வயது வரம்பை எவரும் வழங்கவில்லை என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து சென்ற யானை

உறையூர் யானையிலிருந்து தொடங்கிய பேச்சில் இன்னொரு யானைக்கும் இடமுண்டு. 1943இல், வான்வழித் தாக்குதல் நேர்ந்தால் விலங்குகள் தப்பி ஊருக்குள் புகும் என்று கூறி, தோக்கியோவின் உவேனோ விலங்குக்காட்சிச் சாலையில் விலங்குகளைக் கொல்ல ஆணையிடப்பட்டது. மூன்று யானைகள் பட்டினியிட்டுக் கொல்லப்பட்டன. போருக்குப் பின் தோக்கியோக் குழந்தைகள், தாம் யானையைப் பார்த்ததே இல்லை என்று இந்தியப் பிரதமர் நேருவுக்கு எழுதினர். 1949இல் நேரு தம் மகளின் பெயரிட்ட ‘இந்திரா’ என்னும் யானையை அனுப்பினார். அதனை இந்தியக் குழந்தைகள் ஜப்பானியக் குழந்தைகளுக்கு அளிக்கும் பரிசாகவே கருத வேண்டும் என்று மடலும் எழுதினார். இந்திரா 1983 வரை உவேனோவில் வாழ்ந்தது.

இறந்த யானைகளைப் பற்றி யுகியோ த்சுச்சியா எழுதிய ‘பாவம் அந்த யானைகள்’ என்னும் கதை ஜப்பானியப் பள்ளிகளில் பெரிதும் படிக்கப்பட்டது. அதிலும் ஒரு மாற்றம் உண்டு. கதையில் நாள்தோறும் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போது யானைகள் சாகின்றன. உண்மையில் தோக்கியோமீது தொடர் குண்டுவீச்சு 1944 நவம்பரில்தான் தொடங்கியது. யானைகள் இறந்தது அதற்கு ஓராண்டுக்கு முன்னர். வெளியிலிருந்து வந்த குண்டுகளால் நேர்ந்த இறப்பாகக் கதை காட்டுவது, உள்ளிருந்து வந்த ஆணையால் நேர்ந்தது. இங்கும் ஒரு சிறு விவரம் மாறியதால், ‘யார் செய்தது?’ என்னும் கேள்விக்கான விடை மாறிவிட்டது.

காவிரிக்கரையில்

அணுவைப் பற்றிய அறிவுக்குத் திருச்சிராப்பள்ளி அயலன்று. சர் சி. வி. இராமன் 1888இல் பிறந்தது திருவானைக்காவலில். 1950களின் தொடக்கத்தில் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், 1998 மே மாதப் பொக்ரான் அணுவெடிப்புச் சோதனைகளில் முதன்மைப் பங்கேற்றார். அதே கல்லூரியில் இயற்பியல் பயின்றவர் திருவரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா. எந்த அறிவியல் செய்தியையும் பள்ளி மாணவருக்கு விளங்கும் தமிழில் சொல்ல முடியும் என்று அவருடைய ‘ஏன், எதற்கு, எப்படி?’ காட்டியது. அணுக்கரு எவ்வாறு பிளக்கிறது என்பதைத் தமிழில் எழுத இன்று தடையேதும் இல்லை. பிளந்த அணுவின் கீழே நின்றவர் கதையோ இளையோர்க்குத் தமிழில் பெரும்பாலும் மொழிபெயர்ப்பின் வழியாகவே வந்து சேர்கிறது. மக்களை இழந்த போரைக் கோவூர்கிழாரும் பாரி மகளிரும் பாடிய மொழியில் இந்த இடைவெளி நெடுநாள் நீடிப்பது வியப்புக்குரியது.

அந்த இடைவெளியில் காகிதம் சற்றே நுழைந்திருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் ஆகஸ்டு 6ஆம் நாளை ஹிரோஷிமா நாளாகப் பள்ளிகளில் நினைவுகூர்ந்து, மாணவர்களுக்குச் சடாகோ கொக்கு மடிக்கக் கற்றுத் தருகின்றனர். பழைய நாளிதழ்த் தாளைச் சதுரமாக வெட்டினால் போதும். முதல் கொக்கு எவருக்கும் சரியாக வருவதில்லை; கழுத்து ஒரு பக்கம் சாயும், சிறகு விரியாது. பத்தாவது கொக்கில் கை பழகிவிடும். ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், ஆளுக்கு இருபத்தைந்து மடித்து ஒரே நாளில் ஆயிரத்தை எட்டலாம். சடாகோ தனியே மடித்தாள். அவள் ஊசியால் மடித்த சிறு கொக்குகளுள் சில ஹிரோஷிமா அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன; அவற்றுள் ஒன்றை அரிசிமணியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும்.

கற்பவை கற்றபின்

1. புறநானூற்றின் 46ஆம் பாடலையும் 112ஆம் பாடலையும் நூலகத்தில் எடுத்துப் படித்து, போருக்குள் நிற்கும் இளையோரை அவ்விரு பாடல்களும் எவ்வாறு காட்டுகின்றன என்று வகுப்பில் கலந்துரையாடுக.

2. சடாகோவின் கதையை நடந்தது நடந்தவாறே, ஐந்தாம் வகுப்பு மாணவர்க்கு ஏற்ற வகையில் ஒரு பக்க அளவில் எழுதுக. ஆயிரம் கொக்குகள் முடிந்த பிறகு வரும் பகுதியை எவ்வாறு எழுதினீர்கள் என்பதை விளக்குக.